உயர் அழுத்தத்தில் கரியமில வாயுவும் கரைப்பானும்: அடர்த்தி அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். வேலை பார்த்தது ஓர் ஆய்வுக்கூடத்தில், தொழில்நுட்பராக. அங்கே அதிக நாள் என் பொறுப்பில் இருந்தது உயர் அழுத்த அடர்த்திமானி. “டீச்சர், அங்கே என்னதான் அளந்தீங்க?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டிப்போக வரும் பெற்றோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு வரியில் சொல்லுங்கள்: எதை அளக்கிறீர்கள்?

கரியமில வாயுவையும் எத்தனால், அசிட்டோன், டொலுயீன் போன்ற ஒரு கரிமக் கரைப்பானையும் தெரிந்த விகிதத்தில் கலந்து, குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் அந்தக் கலவையின் ஒரு கன மீட்டர் எத்தனை கிலோ என்று கண்டுபிடிக்கிறோம். அழுத்தம் பெரும்பாலும் 50 பாரிலிருந்து 300, 400 பார் வரை போகும். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தம் 1 பார். மோட்டார் டயரில் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்.

வாயுவை அழுத்தினால் திரவமாகிவிடாதா? “சூப்பர் கிரிட்டிக்கல்” என்கிறார்களே, அது என்ன?

வெப்பநிலையைப் பொறுத்தது. கரியமில வாயுவின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ், நிலைமாறு அழுத்தம் 73.8 பார். 31 டிகிரிக்குக் கீழே அழுத்தினால் ஒரு கட்டத்தில் திரவம் அடியில் தேங்கும், மேலே ஆவி நிற்கும், நடுவில் கோடு தெரியும். 31-ஐத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கோடு வராது. அழுத்த அழுத்த வாயு கனத்துக்கொண்டே போய், திரவத்தின் அடர்த்தியை எட்டிவிடும். ஆனால் ஓட்டத்தில் வாயுவைப் போலவே இலகுவாக இருக்கும். அதைத்தான் சூப்பர் கிரிட்டிக்கல் நிலை என்கிறோம்.

இதை முதலில் உணர்ந்தவர் பிரான்சின் காஞ்ஞார் தெ லா தூர். ஆண்டு 1822. ஒரு துப்பாக்கிக் குழாயில் திரவத்தையும் ஒரு உருண்டையையும் போட்டு அடைத்து, சூடாக்கி, உருட்டிக் காதால் கேட்டார். ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் உருண்டை திரவத்தில் விழும் சத்தம் நின்றுபோனது. கரியமில வாயுவை வைத்தே இதை முறையாக அளந்தவர் பெல்ஃபாஸ்ட்டின் தாமஸ் ஆண்ட்ரூஸ், 1869-இல்.

நேரில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். நீலமணிக் கண்ணாடி வைத்த சிறிய அறையில் 31 டிகிரியை நெருங்கும்போது, அதுவரை தெளிவாக இருந்த திரவம் திடீரென்று பால் பிழிந்ததைப் போல வெளுக்கும். அடர்த்தி உள்ளே இடத்துக்கு இடம் ஏறி இறங்கி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. அரை டிகிரி தாண்டியதும் மறுபடி தெளிவு. கோடு மட்டும் காணாமல் போயிருக்கும். முதல்முறை பார்த்த அன்று நான் வெப்பநிலையை இறக்கி ஏற்றி மூன்று தடவை பார்த்தேன்.

அடர்த்திக்கு ஏன் இவ்வளவு பாடு? தராசும் அளவுக்குடுவையும் போதாதா?

தண்ணீருக்கும் தேங்காயெண்ணெய்க்கும் போதும். இங்கே குடுவையைத் திறந்தால் கலவையில் பாதி பறந்துவிடும். மூடிய எஃகுக் கலத்துக்குள்ளேயே அளந்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 40 டிகிரியில் சுத்தமான கரியமில வாயுவின் அடர்த்தியைப் பாருங்கள். 1 பாரில் கன மீட்டருக்கு 1.7 கிலோ. 80 பாரில் 278. 90 பாரில் 485. 100 பாரில் 629. 200 பாரில் 840. 80-க்கும் 90-க்கும் இடையில் மட்டும் 200 கிலோவுக்கு மேல் ஏறுகிறது, பாருக்கு ஏறக்குறைய 20 கிலோ. தண்ணீர் அதே 1 பார் ஏற்றத்துக்கு 0.05 கிலோகூட மாறாது.

இப்போது உங்கள் அழுத்தமானி 400 பார் வரை காட்டுவது, முழு அளவில் 0.1 சதவீதம் துல்லியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மானி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் 0.1 சதவீதம் என்றால் 0.4 பார், அந்த இடத்தில் அது 8 கிலோ பிழை. அடர்த்திமானி 0.1 கிலோவைக்கூடப் பிரித்துக் காட்டும், ஆனால் அழுத்தமானி ஒன்று சொதப்பினால் அத்தனை நுணுக்கமும் வீண். வெப்பநிலையும் அப்படித்தான்: 90 பாரில் 40 டிகிரியில் 485, 35 டிகிரியில் 660-க்கு அருகில். பத்தில் ஒரு டிகிரி தவறினால் 3 கிலோ போய்விடும்.

அதனால் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அடர்த்தி தனி எண் கிடையாது. வெப்பநிலை, அழுத்தம், கலவை விகிதம் என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் நான்காவதாக வரும் எண்ணுக்கு அர்த்தம்.

யாருக்கு வேண்டும் இந்த எண்?

கரியமில வாயுவைக் கரைப்பானாகப் பயன்படுத்தும் எல்லாருக்கும். கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை நீக்கும் முறையை ஜெர்மனியின் கூர்ட் சோசல் கண்டுபிடித்தார். அதில் கரைப்பான் சூப்பர் கிரிட்டிக்கல் கரியமில வாயு. நம் ஊரைச் சுற்றி இப்போது ரப்பரைவிடச் செம்பனைதான் கண்ணில் படுகிறது. கச்சாச் செம்பனை எண்ணெய்க்கு அந்தச் செந்நிறம் தருவது கரோட்டின். பத்து லட்சம் பங்கில் 500 முதல் 700 பங்கு இருக்கும். அதைப் பிரித்தெடுக்கவும் இந்த வழி ஆராயப்பட்டிருக்கிறது. ஒரு பொருள் இந்த வாயுவில் எவ்வளவு கரையும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அடர்த்தி. வாயு மட்டும் கரைக்கத் தயங்கும் பொருளுக்குக் கொஞ்சம் எத்தனால் சேர்ப்பார்கள். அங்கேதான் “கலவையின் அடர்த்தி என்ன?” என்ற கேள்வி பிறக்கிறது.

மருந்துத் துறையில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மருந்தை அசிட்டோனிலோ டைமெத்தில் சல்ஃபாக்சைடிலோ கரைத்து, அந்தக் கரைசலைக் கரியமில வாயுவுக்குள் பீய்ச்சுவார்கள். வாயு கரைப்பானுக்குள் புகுந்ததும் மருந்து கரைந்து நிற்க முடியாமல் நுண்துகளாக உதிரும். துகளின் அளவு, தாரை எப்படிக் கலக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கணக்கிட அடர்த்தி வேண்டும். எண்ணெய்க் கிணற்றில் கரியமில வாயுவை ஏற்றி மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுப்பவர்களுக்கும் இதே எண் தேவை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

அதிர்குழாய் அடர்த்திமானி என்று பெயர். ஊக்கு மாதிரி வளைந்த ஒரு மெல்லிய உலோகக் குழாய். உயர் அழுத்தத்துக்கு ஹேஸ்டலாய் என்ற நிக்கல் கலப்புலோகத்தில் செய்வார்கள். உள்ளே கொள்வது ஓரிரு மில்லிலிட்டர்தான். குழாயின் இரண்டு முனைகளும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், வளைவு மட்டும் சும்மா நிற்கும். மின்காந்தம் அதைத் தட்டிக்கொண்டே இருக்க, குழாய் தன் இயல்பான வேகத்தில் அதிரும்.

ஜலதரங்கம் கேட்டிருப்பீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் கூடக் கூட நாதம் தாழும். இங்கேயும் அதே கதை. குழாய்க்குள் இருப்பது கனமாக இருந்தால் அதிர்வு மெதுவாகும், ஓர் அதிர்வுக்கு ஆகும் காலம் நீளும். அந்தக் காலத்தின் வர்க்கமும் அடர்த்தியும் நேர்கோட்டில் போகும்: அடர்த்தி = அ × காலம்² − ஆ. “அ”, “ஆ” இரண்டும் அந்தக் குழாய்க்கே உரிய மாறிலிகள். காலம் சில மில்லி நொடிகள்தான், ஆனால் கருவி அதை ஏழு இலக்கம் வரை எண்ணும்.

எவ்வளவு நுணுக்கம் என்று யோசித்துப் பாருங்கள். 1 மில்லிலிட்டர் குழாயில், கன மீட்டருக்கு 0.1 கிலோ வித்தியாசம் என்பது 0.1 மில்லிகிராம். ஒரு மணல் துகளின் எடையைக் குழாய் தன் நடுக்கத்தில் உணர்கிறது. ஆஸ்திரியாவின் அன்டோன் பார் நிறுவனம் 1967-இல் இந்த வகைக் கருவியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மாறிலிகளை எப்படித் தெரிந்துகொள்வது?

அடர்த்தி ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இரண்டு பொருள்களை உள்ளே விட்டு. வழக்கமாகத் தண்ணீரும் நைட்ரஜனும். சிலர் நைட்ரஜனுக்குப் பதில் வெற்றிடம் வைப்பார்கள். சங்கடம் என்னவென்றால், அழுத்தம் ஏறினால் குழாய் தானும் லேசாக உப்பும்; சூடானால் உலோகத்தின் விறைப்பு குறையும். ஆகவே நீங்கள் அளக்கப்போகும் ஒவ்வொரு வெப்பநிலையிலும், ஒவ்வோர் அழுத்தத்திலும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். ஐந்து வெப்பநிலை, பத்து அழுத்தம் என்றால் தண்ணீருக்கு 50 புள்ளி, நைட்ரஜனுக்கு 50 புள்ளி. உண்மையான கலவையைத் தொடுவதற்கு முன்பே இரண்டு வாரம் ஓடிவிடும். அலுப்பான வேலைதான். ஆனால் இங்கே அவசரப்பட்டவர்களின் எண்களைப் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரைந்த காற்றை வெளியேற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். நுரைமுத்து ஒன்று வளைவில் ஒட்டிக்கொண்டால் போதும், எண் கெட்டுவிடும்.

கலவையை எப்படித் தயார் செய்வீர்கள்? விகிதம் எப்படித் தெரியும்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, தனியான கலத்தில் கரைப்பானை எடை போட்டு ஊற்றி, மூடி, கரியமில வாயுவை ஏற்றி மறுபடி எடை போடுவது. 10 கிராம் எத்தனாலும் 40 கிராம் கரியமில வாயுவும் இருக்கிறது என்று வையுங்கள். மூலக்கூறுகளை எண்ணும் அலகு மோல்; எடையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் கிடைக்கும். எத்தனால் 10 ÷ 46.07 = 0.217 மோல். வாயு 40 ÷ 44.01 = 0.909 மோல். ஆக வாயுவின் மோல் பின்னம், அதாவது மொத்த மோலில் அதன் பங்கு, 0.807. எடையில் ஐந்தில் நான்கு பங்கு. இங்கே மோலிலும் கிட்டத்தட்ட அதேதான், ஏனென்றால் இரண்டின் மூலக்கூறு நிறையும் அருகருகே இருக்கிறது. டொலுயீனோடு இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. அதன் மூலக்கூறு நிறை 92.

இன்னொரு வழி, இரண்டு ஊசிமருந்துக் குழல் வகைப் பம்புகளை வைத்துத் தொடர்ந்து ஓட்டிக் கலப்பது. ஒன்றில் கரைப்பான், ஒன்றில் குளிரூட்டிய திரவக் கரியமில வாயு. பம்பு காட்டுவது நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பதை. அதை மோலாக்க, பம்புக்குள் இருக்கும் திரவத்தின் அடர்த்தி வேண்டும். அடர்த்தியை அளக்க அடர்த்தி தேவைப்படுகிறது! நல்லவேளை, சுத்தக் கரியமில வாயுவுக்கு 1996-இல் ஸ்பான், வாக்னர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வெளியிட்ட நிலைச் சமன்பாடு, அதாவது அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொடுத்தால் அடர்த்தியைச் சொல்லும் சமன்பாடு, இருக்கிறது. அதை நம்பிக் கணக்குப் போடலாம். பம்பின் குளிர்ச்சட்டை வெப்பநிலை அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த “அவ்வளவுதான்” ஒரு முழு நாள் வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு அளவீடு எப்படிப் போகும்? எவ்வளவு நேரம்?

காலையில் நீர்த்தொட்டியை 40 டிகிரியில் வைப்பேன். தொட்டி 40 காட்டினாலும் குழாயைச் சுற்றியுள்ள உலோகம் 40-க்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் வெற்றிடப் பம்பால் உள்ளே இருப்பதை இழுத்துவிட்டு, அதிர்வுக் காலத்தைப் பார்ப்பேன். நேற்று காட்டிய அதே எண்ணா? அப்படியென்றால் குழாய் சுத்தம். கடைசி இலக்கங்கள் மாறியிருந்தால் முந்தின நாள் கரைப்பான் ஒரு பொட்டு எங்கோ ஒட்டியிருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும்.

அப்புறம் கலவையை உள்ளே விட்டு, அழுத்தத்தை மேலே ஏற்றிவிட்டு, அங்கிருந்து இறக்கிக்கொண்டே வருவேன். மேலிருந்து இறங்குவது ஏனென்றால், உயர் அழுத்தத்தில் கலவை கட்டாயம் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அழுத்தம், வெப்பநிலை, காலம் மூன்றும் அசையாமல் நின்ற பிறகே எழுத வேண்டும். சில புள்ளிகள் பத்து நிமிடத்தில் அடங்கும். நிலைமாறு புள்ளிக்கு அருகில் முக்கால் மணி நேரம்கூட உட்கார வைக்கும். அழுத்தத்தை மாற்றினால் வெப்பநிலையும் மாறுகிறது, அது அடங்குவதற்குள் அடர்த்தி நழுவுகிறது.

கலவை உள்ளே இரண்டாகப் பிரிந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? குழாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாதே.

நல்ல கேள்வி. 40 டிகிரியில் எத்தனாலும் கரியமில வாயுவும் 80 பாரைச் சற்றுத் தாண்டியதும் எந்த விகிதத்திலும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குக் கீழே, விகிதத்தைப் பொறுத்து, ஒரு பகுதி திரவமாகவும் ஒரு பகுதி ஆவியாகவும் பிரியலாம். பிரிந்த கலவை குழாயில் இருந்தால் கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அந்த எண் நிற்காது, குதிக்கும். பம்பை லேசாக ஓட்டினால் ஒரு முறை மேலே போகும், ஒரு முறை கீழே. அந்த ஆட்டத்தைப் பார்த்தே “குமிழி வந்துவிட்டது” என்று சொல்லிவிடலாம். இன்னும் பாதுகாப்பான வழி, குழாய்க்கு முன்னால் கண்ணாடி வைத்த பார்வைக் கலம் ஒன்றை இணைத்து, ஒரே நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புவது. குதிக்கிற எண்களுக்குச் சராசரி எடுத்து எழுதக் கூடாது. அது எந்தப் பொருளின் அடர்த்தியும் அல்ல.

தோட்டத்தில் ரப்பர் பாலில் மிதக்கவிட்டு அளக்கும் மெட்ரோலாக்கும் அடர்த்திதானே பார்க்கிறது?

ஆமாம், அதேதான். இதைக் கேட்டது ஒரு பாட்டி, பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர். ரப்பரின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, 0.92-க்குப் பக்கம். பாலில் ரப்பர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பால் லேசு. மெட்ரோலாக் அவ்வளவு ஆழமாக அமிழும். அந்த அளவை வைத்துத்தான் காய்ந்த ரப்பர் கணக்கு, அதை வைத்துத்தான் வெட்டுக்காரர்களின் கூலி.

என் அம்மா பால் வெட்டியவர். விடிவதற்கு முன் போய், வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார். பள்ளி விடுமுறையில் நானும் கூட நிற்பேன். வாளியிலிருந்து ஊற்றிய பாலில் நுரை மிதக்கும். நுரையோடு மெட்ரோலாக்கைப் போட்டால் எங்கே வாசிப்பது என்றே தெரியாது. “நுரையை ஒதுக்கிட்டுப் பாருங்க கிராணி ஐயா” என்று, அளந்து எழுதும் எழுத்தரிடம் அம்மா சொல்வார். மரியாதையாகத்தான் சொல்வார், ஆனால் ஒதுக்கும்வரை வாளியைவிட்டு நகர மாட்டார். சில நாள் ஒதுக்குவார்கள், சில நாள் மாட்டார்கள். ஒதுக்காத நாளில் சீட்டில் எண் குறைந்து வரும். ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காற்றை விரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வரும். அளப்பவர் அலட்சியமாக இருந்தால் நஷ்டம் யாருக்கு என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

கரியமில வாயுவைக் கரைத்தால் கரைப்பான் லேசாகுமா, கனக்குமா?

பெரும்பாலானோர் “வாயு சேர்ந்தால் லேசாகும்” என்பார்கள். திரவம் உப்புவது உண்மை. அசிட்டோன் போன்றவை கரியமில வாயுவை உறிஞ்சிப் பல மடங்கு கன அளவுக்குப் பெருகும். ஆனால் உள்ளே புகும் வாயு தன் எடையையும் கொண்டுவருகிறது. டெக்கேன் போன்ற லேசான ஹைட்ரோகார்பனில் கரியமில வாயு கரைந்தால் கன அளவும் கூடும், அடர்த்தியும் முதலில் கூடும். திரவத்துக்குள் நெருக்கிப் பிடிக்கப்பட்ட கரியமில வாயு மூலக்கூறு, வெளியே வாயுவாகத் திரிந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தில் ஒரு சிறு பகுதியே எடுத்துக்கொள்கிறது.

இதை எண்ணாகச் சொல்ல “மிகைக் கன அளவு” என்ற கணக்கு இருக்கிறது. இரண்டு திரவமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கலந்திருந்தால் எவ்வளவு இடம் எடுத்திருக்கும் என்பதை, உண்மையில் எடுத்த இடத்திலிருந்து கழிப்பது. 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி எத்தனாலும் சேர்ந்தால் 100 வராது, 96 சொச்சம்தான் வரும்; அங்கே மிகைக் கன அளவு எதிர்மறை. கரியமில வாயுக் கலவைகளில் இது இன்னும் பெரிதாகும், முக்கியமாக 40 டிகிரி, 80 பார் மாதிரி இடங்களில். அங்கே சுத்த வாயுவின் ஒரு மோல் 158 கன சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டு பரந்து கிடக்கிறது. எத்தனாலைப் பார்த்ததும் அடங்கி ஒடுங்குகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வரைபடம் இந்தச் சரிவுதான்.

சமன்பாடுகள் இருக்கும்போது ஏன் அளக்க வேண்டும்? கணினியே சொல்லிவிடாதா?

சொல்லும். 1873-இல் வான் டெர் வால்ஸ் போட்ட அடித்தளத்தின் மேல் எத்தனையோ சமன்பாடுகள் வந்துவிட்டன. பொறியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது 1976-இல் வந்த பெங்–ராபின்சன். ஆவி–திரவச் சமநிலைக்கு அது நன்றாக உழைக்கும். திரவ அடர்த்தியில் பல சதவீதம் தவறுவது அதன் அறிந்த குறை. கலவைக்குப் போனால், இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று எவ்வளவு ஈர்க்கின்றன என்பதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் வருவதே அளவீட்டிலிருந்துதான். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அளந்ததால்தான் கணினி பேசுகிறது.

வேறு முறைகள் இல்லையா?

உண்டு. மிகத் துல்லியமானது காந்தத் தொங்கல் தராசு: கலத்துக்குள் ஒரு மூழ்கியை வெளியிலிருந்து காந்தத்தால் தூக்கிப் பிடித்து, ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசையை எடை போடுவது. விலையும் பராமரிப்பும் அதிகம். பிஸ்டன் வைத்துக் கன அளவை மாற்றும் பார்வைக் கலமும் பயன்படுத்துகிறார்கள். அதில் துல்லியம் குறைவு, ஆனால் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆபத்து உண்டா?

உண்டு, இரண்டு விதமாக. அழுத்தம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. திரவக் கரியமில வாயுவை இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே சிக்க வைக்கவே கூடாது. சூடேறினால் அதற்கு விரிய இடமில்லை, அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். அதனால் அழுத்தம் மிஞ்சினால் வழிவிடும் வெடிதகடும் தணிப்பு வால்வும் இல்லாத அமைப்பைத் தொடாதீர்கள்.

கசிவு கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. வாசனை இல்லை, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். நாலுக்கு ஐந்து மீட்டர், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் 60 கன மீட்டர் காற்று. அதில் 1 கிலோ கரியமில வாயு கசிந்தால் ஏறக்குறைய 0.9 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 0.5 சதவீதம்தான். 4 சதவீதம் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து. வாயு உணரி இல்லாத அறையில் நான் வேலை செய்ய மாட்டேன் என்று ஒரு முறை மறுத்திருக்கிறேன். மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ரப்பர் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். கசியாமல் இருக்க இணைப்புகளில் போடும் ஓ-வளையம் ரப்பர். உயர் அழுத்தத்தில் கரியமில வாயு அந்த ரப்பருக்குள் ஊறிவிடும். அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிட்டால் ஊறிய வாயு வெளியேற வழி தேடி வளையத்தைக் கிழிக்கும். அப்படி ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்: ஊறவைத்த கடலை போல உப்பி, மேலெல்லாம் கொப்புளம், ஒரு பக்கம் வெடிப்பு. மேசையில் வைத்த அரை மணி நேரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கியது, வெடிப்பு மட்டும் அப்படியே நின்றது. நிதானமாக அழுத்தத்தை இறக்கினால் வளையமும் பிழைக்கும், நீங்களும்.

நம் ஊர் வெயிலில் கரியமில வாயுச் சிலிண்டரை எப்படி வைப்பது?

நிழலில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு. 25 டிகிரியில் சிலிண்டருக்குள் 64 பார், 30 டிகிரியில் 72 பார். 31-ஐத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற ஒன்றே கிடையாது. மேலே சொன்ன சூப்பர் கிரிட்டிக்கல் நிலைதான். சுங்கை சிப்புட்டில் மதியம் இரண்டு மணிக்கு, குளிர்பானக் கடை வாசலில் வெயில் படும்படி நிற்கும் சிலிண்டருக்குள் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கப்புறம் அழுத்தம் எவ்வளவு அடைத்தார்கள் என்பதைப் பொறுத்து வேகமாக ஏறி, நூறு பாரையும் தாண்டும். கடைக்காரர்களிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், நகர்த்தி வைத்தார்கள்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்-இல் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம். பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம் அல்லது மெட்ரிகுலேஷன், அதற்கப்புறம் வேதியியல் அல்லது வேதிப்பொறியியல். தொழில்நுட்பராக டிப்ளோமா வழியாகவும் வரலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, அழுத்தக் கலம் தேவையில்லை. ஒன்றரை லிட்டர் சோடா போத்தல் ஒன்றும், 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசும் போதும். போத்தலைத் திறக்காமல் எடை போட்டு எழுதுங்கள். திரவ மட்டத்தில் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். மெதுவாகத் திறந்து, பொங்கி வழியாமல், மூடியைத் தளர்வாக வைத்து விட்டுவிடுங்கள். அவ்வப்போது லேசாக ஆட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, வாயு போன பிறகு, மூடியையும் சேர்த்து மறுபடி எடை போடுங்கள். லிட்டருக்கு 6 கிராம் வாயு அடைத்த சோடா என்றால் 9 கிராம் அளவுக்குக் குறைந்திருக்கும்.

இப்போது மட்டத்தைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த கரியமில வாயு ஒரு மோலுக்கு 34 கன சென்டிமீட்டர் சொச்சம் இடம் எடுக்கும். 9 கிராமுக்கு அது 7 மில்லிலிட்டர். 9 கிராம் போனது, 7 மில்லிதான் இறங்க வேண்டும். ஆனால் திறந்ததும் போத்தல் தன் உப்பலை விட்டுச் சுருங்கும், மட்டத்தை மேலே தள்ளும். உங்கள் கோட்டில் எவ்வளவு போத்தலால், எவ்வளவு வாயுவால் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? யோசித்து எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். எடை போட்டபோது அறையில் எத்தனை டிகிரி என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள், முதலில் அதைத்தான் கேட்பேன்.